கொலைகாரனைச் சொன்னது யார்

அத்தியாயம் 4

நாலு மணிக்குக் கூரியர்காரர் வருவார். அவரிடம் கொடுப்பதற்காகப் பதினாலு உறைகள் முதலாளியின் மேஜைமேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஊரில் இருக்கிற பதினாலு ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களுக்கும் ஆளுக்கு ஒன்று. உள்ளே இருந்தது எல்லாம் ஒரே கடிதம்தான். எங்கள் நாவலின் முடிவை வெளியே விட்டவள் இந்த சவுண்ட் இன்ஜினியர், இவளை நம்பி எந்த வேலையும் தராதீர்கள் என்கிற இரண்டு வரிச் சமாச்சாரத்தை முதலாளி ஒரு முழுப் பக்கத்துக்கு இழுத்து, மூன்று இடத்தில் ‘நெஞ்சு கனக்கிறது’ என்று போட்டு எழுதியிருந்தார்.

மெயில் அனுப்பினால் போதாதா என்று, துப்பறிய அண்ணியோடு வந்திருந்த கொழுந்தன் கேட்டான். மெயில் என்றால் படித்துவிட்டு மறந்துவிடுவார்களாம். உறையைக் கிழித்துப் படித்தால்தான் மனதில் நிற்குமாம்.

“ஒருத்தர் பொழப்பைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி உறையையாவது கிழிக்கட்டும்னு பாக்குறீங்க,” என்றான் கொழுந்தன்.

முதலாளி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அண்ணி கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். அவர் இருபத்திரண்டு வருஷம் பரீட்சை ஹாலில் நடந்து நடந்து காப்பியடிப்பவர்களைப் பிடித்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது, வீடு வீடாகப் போய் வாட்டர் ஃபில்டர் விற்றுக்கொண்டிருந்த கணவரின் தம்பியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். முகத்தில் கதவைச் சாத்தினாலும் அடுத்த கதவைத் தட்டுகிறவன் வேண்டும் என்று காரணம் சொன்னார். தன் வாய்க்காகச் சேர்த்தார்களா, அந்த வாயைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளச் சேர்த்தார்களா என்பது கொழுந்தனுக்கு இரண்டு வருஷமாகியும் விளங்கவில்லை.

முதலாளியின் கம்பெனி கேட்கும் நாவல்கள் தயாரிக்கிறது. அச்சில் வராது, போனில் மட்டும் வரும். தினம் ஒரு பகுதி. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நாவலில் ஒரு மில் அதிபர் முதல் பகுதியிலேயே கொலையாகிறார். கொன்றது யார் என்பது இருபத்து நாலாம் பகுதியில்தான் தெரிய வேண்டும். இன்றைக்கு இருபதாம் பகுதி. ஆனால் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், கேட்பவர்கள் எல்லோரும் ‘மச்சினன்தான், மச்சினன்தான்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது அதிபரின் மனைவிக்குத் தம்பி. அவர்கள் எழுதியது அத்தனையும் சரி.

நாவலை எழுதியது முதலாளி. கதை சொல்லும் குரலும் முதலாளிதான். நடுநடுவே பேசுகிற ஆண், பெண், கிழவர், குழந்தை என இருபத்தொரு பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தது ஒரே ஆள்; அவரைப் பல்குரலார் என்பார்கள். கடைசிப் பகுதியில் மட்டும் பாத்திரம் எதுவும் வாயைத் திறக்காது, கொலைகாரனை அறிவிக்கும் பெருமை முழுக்கத் தன் குரலுக்கே என்று முதலாளி எழுதும்போதே முடிவு செய்திருந்தார். அந்தப் பகுதியின் தாள்கள் இத்தனை நாளும் அவர் டிராயரில் பூட்டிக் கிடந்தன. போன வியாழக்கிழமைதான் எடுத்துவந்து வாசித்தார். அதைப் பதிவு செய்தது சவுண்ட் இன்ஜினியர். வெள்ளிக்கிழமை ஹார்ட் டிஸ்கை வீட்டுக்கு எடுத்துப் போனதும் அவர்தான். பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. போதாதா?

போதாது என்று அண்ணி சொல்லவில்லை. யார் என்று தெரிந்த பிறகு எங்களை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். அதை வெளியாள் ஒருவர் கைப்பட எழுதிக் கொடுத்தால் கடிதத்தோடு இணைக்கலாமே என்றார் முதலாளி. டீ கொண்டுவரச் சொன்னால்கூட ஒரு அத்தியாயம் தொடங்குகிற மாதிரி இருந்தது அவர் குரல். அவருக்குப் பின்னால் சுவரில், மைக்கின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அவர் நிற்கும் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது.

“படத்துலகூட யாரோ கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு நம்பிக்கையா நிக்கிறாரு,” என்றான் கொழுந்தன், வெளியே வந்ததும்.

“மணி பத்தரை,” என்றார் அண்ணி. “அஞ்சரை மணி நேரம் இருக்கு. கிண்டலை மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கலாம்.”

சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த சின்ன அறையில், தன் ஹெட்போன்களைத் துடைத்து ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். அழுத முகமில்லை, தூங்காத முகம். கேட்டதற்கெல்லாம் அளந்து பதில் சொன்னார். டிஸ்கை எதற்கு வீட்டுக்கு எடுத்துப் போனார்? முதலாளி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் உதட்டைச் சப்புக்கொட்டுவார். ஒரு பகுதிக்கு முந்நூறு சப்பு. ஒன்றொன்றாக வெட்டி எடுக்க ஆபீஸ் நேரம் போதாது.

வேலை நடக்கிற விதத்தையும் சொன்னார். முதலாளியும் பல்குரலாரும் ஒரு நாள்கூட ஒன்றாக உட்கார்ந்து வாசித்ததில்லை. முதலாளி கதை சொல்லும் வரிகளை மட்டும் தனியாக வாசிப்பார். பல்குரலாரோ பகுதி பகுதியாக வாசிக்கமாட்டார், ஆள் ஆளாக வாசிப்பார். இன்றைக்கு அதிபரின் மனைவி என்றால், முதல் பகுதி முதல் இருபத்து மூன்றாம் பகுதி வரை அந்த அம்மாள் பேசுவது அத்தனையும் ஒரே உட்காரலில் முடிந்துவிடும். நாளைக்கு டிரைவர். நாளன்றைக்கு மச்சினன். அப்போதுதான் குரல் மாறாமல் வரும் என்பது முதலாளியின் ஏற்பாடு. வரிகளுக்கு நம்பர் இருக்கும். அவற்றைக் கதைக்குள் கோத்து, ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்வது இவர் வேலை.

“சார் குரலை மேல ஏத்தணும், அவர் குரலைக் கீழ இறக்கணும். இல்லைன்னா கேக்குறவங்க விரல் முழு நேரமும் வால்யூம் பட்டன்லதான் இருக்கும். ஒருத்தர் கிணத்துக்குள்ள இருந்து சொல்ற மாதிரி சொல்வார், இன்னொருத்தர் கூரை மேல நின்னு நடிப்பார். ரெண்டையும் ஒரே வீட்டுக்குள்ள கொண்டாந்து உக்கார வைக்கணும்.”

கொழுந்தன் அவர் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டான். எது பயன்படும் என்று அவனுக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை, அதனால் எதையும் விடுவதில்லை.

பிறகு அண்ணி பரீட்சை ஹாலில் கற்ற வித்தையைக் காட்டினார். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றார். அரை நிமிஷத்தில் இன்ஜினியரே பேசினார். வீட்டில் தம்பி இருக்கிறான். வேன் ஓட்டுகிறான், வாய் ஓயாதவன். டிஸ்க் அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கூடத்து மேஜைமேல்தான் கிடந்தது. அவன் இல்லை என்கிறான். மூன்று நாளாக அவனோடு பேசவில்லை.

“அவன்தான்னு தெரிஞ்சா நான் என் பேர்லயே போட்டுக்கிட்டுப் போயிடுறேன், மேடம். நீங்க எழுதிக் குடுத்துடுங்க.”

அண்ணி கொழுந்தனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, ‘போய் வேலையைப் பார்’ என்று அர்த்தம்.

வேலை என்பது நாலாயிரத்துச் சொச்சம் கருத்துகள். கொழுந்தன் மாடிப்படியில் உட்கார்ந்து, போனில் அவற்றைப் பழையதிலிருந்து புதியது என்று திருப்பிப் போட்டு வாசிக்க ஆரம்பித்தான். முதலாளி மேலே இருந்த ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருப்பார் என்பது அவன் ஊகம். பெரிய மனிதர்கள் தங்களைப் பற்றி எழுதியதைக் கடைசி வரை படிப்பதில்லை, பாராட்டு தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பத்து நிமிஷத்தில் எழுந்து வந்தான்.

மூன்றாம் நாள். மூன்றாம் பகுதி வெளிவந்த சாயங்காலம். ‘காஜா பட்டன்’ என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: “மச்சினன்தான்னு மூணாம் நாளே சொல்லிட்டா மீதி இருபத்தோரு நாள் நாங்க என்னத்தக் கேக்குறது?”

அண்ணி அதை வாசித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

“தம்பி, இதுல என்ன வேடிக்கைன்னு பாத்தீங்களா?”

“கடைசிப் பகுதி பதிவானது போன வியாழக்கிழமை. இது பதினேழு நாளைக்கு முன்னாடி. குழாய் போடுறதுக்கு முன்னாடியே ஒழுகியிருக்கு.”

“அது ஒண்ணு. இன்னொண்ணு, இவங்க ரகசியத்தைப் போட்டு உடைக்கல. புகார் பண்றாங்க. சொல்லிட்டாங்கன்னு கோவிச்சுக்குறாங்க. அப்படின்னா யாரோ சொல்லியிருக்காங்க.”

அன்றைக்கு முடிவு தெரிந்த ஒரே ஆள் முதலாளிதானே என்றான் கொழுந்தன். அண்ணி ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த மனிதர் எதையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து சொல்லக்கூடியவரில்லை, வெளியே விட்டிருந்தால் அதற்குள் ஊரே தூங்கியிருக்கும் என்றார்.

காஜா பட்டன் தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தார். பள்ளிக்கூடச் சட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன, ஒவ்வொரு சட்டைப்பையிலும் பள்ளியின் முத்திரை. கொழுந்தன் அந்தப் பள்ளிக்குப் போன் போட்டு, பையன் ஒரே மாதத்தில் சட்டையை மீறி வளர்ந்துவிட்டான், யார் தைக்கிறார்கள் என்று கவலையோடு விசாரித்தான். பையன் எந்த வகுப்பு என்று கேட்டார்கள். அதுதான் அவனுக்கும் பிடிபடவில்லை, இத்தனை வேகமாக வளர்கிறானே என்றான். முகவரி கிடைத்துவிட்டது.

தையல் கூடம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஒரே நீளமான அறை. ஆறு மிஷின்கள், ஆறு பெண்கள், தரையெல்லாம் நூல். ஒரு காலி எவர்சில்வர் டம்ளருக்குள் போனை நிறுத்தியிருந்தார்கள், சத்தம் பெரிதாகக் கேட்பதற்காக. காஜா பட்டன் என்பது பட்டன் ஓட்டை தைக்கும் மூத்த பெண்மணி. மற்றவர்கள் அவரைக் காஜா அக்கா என்றார்கள். நாவல் கம்பெனிக்காக வந்த துப்பறிபவர்கள் என்று கேள்விப்பட்டதும் ஒருத்தியும் பயப்படவில்லை. ஒருத்தி மட்டும், நீங்கள் போன தடவை ஃபில்டர் விற்க வந்தவர்தானே, அது ஒரு மாதத்தில் நின்றுவிட்டது என்று கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள். அவன் அண்ணிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

மச்சினன் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று அண்ணி கேட்டார்.

“நீங்கதான்,” என்றார் காஜா அக்கா.

“நாங்களா?”

“உங்க கம்பெனிதான். முத நாள் சாவு வீட்டுல அக்கா தோள்ல சாஞ்சு அழுதானே ஒருத்தன். அதே ஆள் மூணாம் நாள் போன் போட்டு, மில்லை வித்துடு, போலீசுக்குப் போனா உன் கதி அவ்வளவுதான்னு அக்காவையே மிரட்டுறான். கூடப் பொறந்தவளுக்கே தம்பி தொண்டை தெரியாமப் போச்சேன்னு எங்களுக்கு ஆச்சரியம். அந்தம்மாவும் கூட்டோன்னுகூட ரெண்டு நாள் பேசிக்கிட்டோம்.”

அவன் வாயில் துணியை வைத்துக்கொண்டு குரலை மாற்றிப் பேசுவதாகத்தானே வருகிறது என்றான் கொழுந்தன்.

“துணி எங்க பொழப்பு, தம்பி. அது வாயைத்தான் மூடும். அழுதாலும் சரி, மிரட்டினாலும் சரி, பேச்சை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தரம் எச்சில் முழுங்குறானே, அதை எந்தத் துணி மூடும்?”

மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். ஆறு பேரும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் அவர்களுக்குப் பெருமை எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

ஆனால் கதை சொல்பவர் அந்த இடத்தில், ‘அது அதுவரை எவருமே கேட்டிராத ஒரு குரல்’ என்று இரண்டு நிமிஷம் வர்ணிக்கிறாரே என்று அண்ணி எடுத்துக் கொடுத்தார். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியா சொல்கிறார் என்று ஒருத்தி கேட்டாள்.

“நடுவுல ஒருத்தர் வருவாரே, வானிலை அறிக்கை மாதிரி,” என்றார் காஜா அக்கா. “அவர் வந்தா மிஷினை ஓட்டிருவோம். ஆளுங்க பேச ஆரம்பிச்சா நிறுத்திருவோம். வேலையும் ஆகணுமில்ல?”

கீழே இறங்கி வந்ததும் கொழுந்தன் படியிலேயே உட்கார்ந்து சிரித்தான். முதலாளி அத்தனை பாடுபட்டு விரித்த மர்மத்தை மிஷின் சத்தம் விழுங்கிவிட்டது. மிஞ்சியது தொண்டை மட்டும். அவர் வர்ணனையைக் கேட்டவர்கள் கொஞ்சம் ஏமாந்தார்கள், கேட்காதவர்கள் ஏமாறவே இல்லை. இங்கே தொடங்கித்தான் அது ஊரெல்லாம் பரவியிருக்கிறது.

“அப்ப பல்குரலார்தான் குற்றவாளி,” என்றான். “முடிவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, ரெண்டுக்கும் ஒரே தொண்டையைப் போட்டிருக்காரு. திமிரு.”

“தெரிஞ்சிருந்தா மாத்தியிருக்க மாட்டாரா?” என்றார் அண்ணி. “ஸ்டுடியோவுக்குப் போன் போடுங்க. மூணு மணிக்கு அவரை வரச் சொல்லுங்க. பேட்டின்னு சொல்லுங்க, உடனே வந்துருவாரு.”

இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டார். கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருந்தார், தொண்டைக்குக் காற்றுப் படக் கூடாதாம். கண்ணாடி அறையில் முதலாளி நடுவில், அவருக்கு இந்தப் பக்கம் பல்குரலார், அந்தப் பக்கம் அட்டைப்பெட்டியோடு இன்ஜினியர். அண்ணி முதல் பகுதியிலிருந்து மச்சினனின் அழுகையையும், மூன்றாம் பகுதியிலிருந்து போன் மிரட்டலையும் அடுத்தடுத்துப் போடச் சொன்னார். இன்ஜினியர் போட்டார். ஒரு விழுங்கல், அழுகை. ஒரு விழுங்கல், மிரட்டல். தன் காதாலேயே இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் இன்ஜினியரின் கை பட்டன் மேலேயே நின்றுவிட்டது.

முதலாளியின் முகம் மெல்லச் சிவந்தது. அவர் திரும்பிப் பல்குரலாரைப் பார்த்தார்.

பல்குரலார் அசரவில்லை. இது கலை என்றார். கதை சொல்கிறவன் தண்ணீர், பாத்திரங்கள் மீன்கள், தண்ணீர் தெரியாத அளவுக்கு மீன் துள்ளவும் கூடாது, மீனே இல்லாத தண்ணீரை யாரும் எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள் என்றார். மீனே இல்லாத தண்ணீர் என்றது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பல்குரலார் நாவலை ஆறு தடவை படித்துவிட்டுத்தான் ஒவ்வொரு குரலையும் தேர்ந்தெடுத்தாராம். முழுக் கதையும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தெரியாத மாதிரி பேச வேண்டும், அதுதான் தொழில் ரகசியமாம்.

“அருமை,” என்றார் அண்ணி. “பதினெட்டாம் பகுதியில அந்த நாய் செத்ததுக்கு அப்புறம் மச்சினன் குரல்ல ஒரு உடைசல் வருதே. அதை எப்படிப் பிடிச்சீங்க?”

பல்குரலார் கண்களை மூடினார். அந்த நாயின் சாவைத் தன் சொந்த நாயின் சாவாக நினைத்துக்கொண்டாராம். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லையாம். அந்தத் துக்கத்தைத் தொண்டையில் இறக்கி வைத்தாராம்.

இன்ஜினியர் குனிந்து மேஜையைப் பார்த்தார். கொழுந்தன் உதட்டைக் கடித்துக்கொண்டான். முதலாளி வெகு நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“என் கதையில நாயே கிடையாது.”

பரீட்சை ஹாலில் பக்கத்து ஆள் விடையை அப்படியே எழுதியவனிடம், அந்த விடைக்கு விளக்கம் கேட்டால் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது பல்குரலார் முகம். எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி பேச வேண்டும் என்றவர், ஒன்றுமே தெரியாமல் தெரிந்த மாதிரி பேசியிருக்கிறார். அவருக்குக் கொன்றது யார் என்பது இன்றுவரை தெரியாது. ஊரில் அது தெரியாத கடைசி மனிதர் அவராகத்தான் இருக்கும். பட்டுத் துணியைத் தளர்த்திக்கொண்டார். குரல் ஒன்றே ஒன்றாகிவிட்டது.

“எனக்கு யாருங்க முழுக் கதை குடுத்தா? தாள்தான் குடுத்தாங்க. மேல ஆளோட பேரு, கீழ அவன் பேசுற வரி. மச்சினன் தாள்ல என்ன இருந்துச்சோ அதை மச்சினனாப் படிச்சேன். வேற எப்படிப் படிக்கிறது?”

அண்ணி அந்தத் தாள்களைக் கேட்டார். இன்ஜினியர் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து வந்தார். இருபத்தொரு பாத்திரங்கள், இருபத்தொரு கட்டுகள். ‘போனில் பேசுபவன்’ என்று ஒரு கட்டு இல்லை. மச்சினன் கட்டின் இரண்டாம் தாளில், சாவு வீட்டு அழுகைக்கு நேர் கீழே, பகுதி மூன்று என்று போட்டு மிரட்டல் வரிகள் ஒன்பதும் வரிசையாக இருந்தன. நீல மையில், வளைத்து வளைத்து எழுதிய கையெழுத்து. அதே கையெழுத்துதான் அந்தப் பதினாலு உறைகளின் மேலும் இருந்தது.



“எழுதினவருக்கு ரெண்டும் ஒரே ஆள்னு தெரியும்,” என்றார் அண்ணி. “அதனால ஒரே தாள்ல போட்டுட்டாரு. கேக்குறவங்களுக்குத் தெரியக் கூடாதுங்கிறது மட்டும் அந்த நேரத்துல ஞாபகத்துக்கு வரல.”

அப்போது இன்ஜினியர் பேசினார். மச்சினனைப் பதிவு செய்த அன்றைக்கே தாளைப் பார்த்துவிட்டு, சார், போன் ஆளுக்குத் தனித் தாள் விட்டுப்போச்சா என்று தான் கேட்டதாகச் சொன்னார். எழுதினவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று பதில் வந்ததாம். முடிவு தெரியாததால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் மறந்தும் போனது. மூன்று நாளாகத் தம்பியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வேறு யாருடைய கையெழுத்தாவது இருக்கும் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பிறகு தொண்டையைச் செருமினார். இது ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறு என்றார். யார் மேலும் தப்பில்லை என்றார். கடிதம் போகாது, இவர் வேலையில் தொடரலாம், விஷயம் இந்த நாலு சுவருக்குள் இருக்கட்டும் என்றார். பெருந்தன்மை அவர் குரலில் வழிந்தது.

கீழே கூரியர்காரரின் ஹாரன் கேட்டது. மணி மூன்று ஐம்பது.

ஆனால் நாலு சுவரைத் தாண்டிப் போய் மூன்று நாளாகிவிட்டது. கம்பெனியின் பக்கத்திலேயே, ‘எங்கள் ஒலிப்பதிவு அறையில் இருந்த ஒருவரே துரோகம் செய்துவிட்டார்’ என்று முதலாளி எழுதி வைத்திருந்தார். அந்த அறையில் இருப்பது ஒரே ஒருவர் என்பது ஊருக்கே தெரியும். அதை என்ன செய்வதாக உத்தேசம் என்று அண்ணி கேட்டார். காலப்போக்கில் மறந்துவிடுவார்கள் என்றார் முதலாளி.

“நீங்க சொன்ன மாதிரி மெயில்தான் மறந்துபோகும் சார்,” என்றான் கொழுந்தன். “உறை நிக்கும். பதினாலும் ஒட்டாம ரெடியா இருக்கு. எங்க அண்ணி அறிக்கை ஒரே பக்கம்தான் வரும். உள்ள வைக்கிற தாளை மட்டும் மாத்தினாப் போதும்.”

முதலாளி அண்ணியைப் பார்த்தார். அண்ணி பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதலாளி இப்போது முதல் தடவையாக இன்ஜினியரைப் பார்த்து, உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்டார்.

மூன்றாம் பகுதியை எப்படியும் திருத்தி மறுபடி வெளியிட வேண்டும் என்றார் இன்ஜினியர். அதன் தொடக்கத்தில் முதலாளி நடந்ததைச் சொல்ல வேண்டும், சொந்தக் குரலில், இப்போதே. அறிக்கையும் வேண்டாம், உறையும் வேண்டாம்.

இரண்டு நிமிஷம் கொடுங்கள் என்று போனை எடுத்துக்கொண்டு இன்ஜினியர் வராந்தாவுக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. கொழுந்தனுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தம்பிதான் எடுத்தான் போலிருக்கிறது.  “சாப்பிட்டியாடா?” என்றார் இவர். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, “இல்ல, நான் வந்து சொல்றேன், நீ இரு, வெளிய போகாத, நான் வந்து சொல்றேன்,” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார். உள்ளே வந்து அட்டைப்பெட்டியைத் திறந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கின் முன்னால் போய் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார். முதல் தடவை, ‘காலம் சில வேளைகளில் மனிதர்களைச் சோதிக்கிறது’ என்று ஆரம்பித்தார்.

“கட்,” என்றார் இன்ஜினியர், பட்டனை அழுத்தி. “கதை சொல்றீங்க சார். இது கதை இல்ல.”

இரண்டாம் தடவை, எங்கள் நிறுவனத்தில் ஒரு தவறு நிகழ்ந்துவிட்டது என்றார். எங்கிருந்தோ தானாக வந்து நிகழ்ந்த மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை குரல் தழுதழுத்தது. இது யார் சார், மில் அதிபரா என்று இன்ஜினியர் கேட்டார். நாலாம் தடவை உதட்டைச் சப்புக்கொட்டினார். அது இருக்கட்டும், இந்தத் தடவை அதை வெட்டமாட்டேன், மேலே போங்கள் என்றார் இன்ஜினியர். முதலாளியே பாதியில் நிறுத்திவிட்டார்.

பல்குரலார் ஒரு மூலையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். கொலை செய்தது யார் என்று மெல்லக் கொழுந்தனிடம் கேட்டார். நீங்கள்தான் சார் என்றான் கொழுந்தன்.

ஐந்தாம் தடவை முதலாளி கண்ணைத் திறந்துகொண்டு பேசினார். தாள் எதையும் பார்க்கவில்லை. தாள்களைப் பிரித்தது தானேதான் என்றார். அன்றைக்கே அதைக் கேட்ட பெண்ணைத் திட்டியதாகச் சொன்னார். பிறகு அவர் மேலேயே பழி போட்டதைச் சொன்னார். நடுவில் இரண்டு இடத்தில் வார்த்தை தேடினார். குரல் மெலிந்து, கொஞ்சம் கட்டையாக, அழகாகவே இல்லாமல் இருந்தது. முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

இன்ஜினியர் பதிவை நிறுத்தாமல் அவரையே பார்த்தார். பட்டனை அழுத்தினார்.

“நல்லா வந்திருக்கு சார். ‘நான்’ மட்டும் சரியாக் கேக்கல. அதை மட்டும் இன்னொரு தடவை.”